டிவியின் பேரில் ஒரு ரவுட்டர்

ஜூன் 1, திங்கள்

டெல்லி வெயில் சொல்லி மாளாது. கூலரில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. வருவது அடுப்படிக் காற்றுதான்.

இன்றைய வேலை: புளி ஊற வைக்க. கூலரின் புல் தட்டி மாற்ற ஆள் சொல்ல. ரகு சட்டை இஸ்திரி. அழாமல் இருக்க.

இடது காதில் இன்னும் ஙொய் என்று சத்தம். வியாழக்கிழமை வாங்கிய அறை. அக்காவோடு வீடியோவில் பேசும்போது சத்தமாகச் சிரித்துவிட்டேனாம். "என்னப் பத்தி என்னடி சிரிப்பு?" என்றான். அவனைப் பற்றிச் சிரிக்க என்ன இருக்கிறது? கட்டிக்கொண்ட நாளாய் அழத்தான் இருக்கிறது.

கை ஓங்குவதற்கு முன்னால் நெட்டை நிறுத்துவான், அதுதான் அவன் வழக்கம். ஹால் சுவரில் நெட் கம்பெனிக்காரன் மாட்டிவிட்டுப் போன பெட்டி. அதற்கு ஒரு ஆப், ரகு போனில் மட்டும். வீட்டில் எது எது நெட்டில் இருக்கிறது என்று லிஸ்ட் காட்டும். அவன் போன், டிவி, சுமதி. சுமதி மேல் விரலை வைத்தால் எனக்கு நெட் கட். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்வான். என் போனுக்கு டேட்டா பேக் கிடையாது. "வீட்ல வைஃபை இருக்கே, உனக்கு எதுக்கு?"

லேண்ட்லைனும் அதே பெட்டியிலிருந்துதான். ஆபீஸிலிருந்து நினைத்தபோதெல்லாம் அடிப்பான். உடனே எடுக்க வேண்டும். "எங்க இருந்த?" பாத்ரூம். "இவ்ளோ நேரமா?" கதவைப் பூட்டிவிட்டுப் போனால் குவார்ட்டர்ஸில் பேச்சு வரும், செக்‌ஷன் ஆபீசருக்கு மானம் போகும். அதனால் எனக்குப் பூட்டு இல்லை, போன்.

இன்று நெட் இருந்த கொஞ்ச நேரத்தில் மெயில். கோயமுத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். கம்ப்யூட்டர் டீச்சர் வேலை, விடுதியில் தங்க அறையும் தருவார்களாம். 11-ஆம் தேதி காலை பதினொன்றுக்கு வீடியோவில் இன்டர்வியூ, வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று தடவை படித்தேன். புரியாமல் இல்லை, ஆசையில்.

பதில் அடித்துக்கொண்டிருக்கும்போதே நெட் போச்சு. டிபன் பாக்ஸைத் திறந்திருப்பான். சாம்பாரில் உப்பு ஜாஸ்தியாம்.

(தமிழில் எழுதுவதால் பயமில்லை. டெல்லியில் பிறந்தவன், பேசுவான், எழுத்துத் தெரியாது. ஏதோ மளிகைக் கணக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கட்டையில போறவன்.)

ஜூன் 2, செவ்வாய்

கீழே பார்க்கிங் சண்டை. பி பிளாக்காரன் கார் கண்ணாடியை சி பிளாக்காரன் பையன் பேட்டால் அடித்து நொறுக்கிவிட்டான். பெண்கள் பால்கனியில். ஒருத்தன் மூக்கில் ரத்தம். எங்கள் ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான், நடுவில் நின்று இரண்டு கையையும் கூப்பி, "பாயி சாஹப், ஹாத் மத் உடாயியே! நாமெல்லாம் படிச்சவங்க!"

கை ஓங்காதீர்களாம். படித்தவர்களாம்.

நான் பால்கனியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். மேலே வந்ததும் கேட்டான், "என்ன பாத்துட்டிருந்த?" ஒன்றுமில்லை என்றேன். அந்த "ஒன்றுமில்லை"யில் அவனுக்கு ஏதோ தெரிந்துவிட்டது. டம்ளர் பறந்து வந்தது. புருவத்துக்கு மேல் சின்னக் காயம், மஞ்சள் வைத்திருக்கிறேன்.

நெட் இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பதில் போடவில்லை.

ஜூன் 3, புதன்

மேல் வீட்டு பிம்லா ஆன்ட்டியிடம் கேட்டுப் பார்த்தேன். ஆன்ட்டி, ஒரு மணி நேரம் உங்கள் வைஃபை பாஸ்வேர்ட். புருவத்தைப் பார்த்தாள், மஞ்சளைப் பார்த்தாள். "பேட்டா, மியாம்-பீவி கா மாம்லா ஹை. நாளைக்கு உன் வீட்டுக்காரர் வந்து என்னைக் கேட்டா?" புருஷன் பெண்டாட்டி விவகாரமாம். ஒவ்வொரு அடியும் அவள் வீட்டுத் தரைக்குக் கேட்கிறது. கேட்ட மறு நிமிஷம் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள், அதுவும் எனக்குக் கேட்கிறது.

கோபமாக இறங்கி வந்தேன். வாசலில் கபாடிவாலா சைக்கிள். பழைய பேப்பர், இரும்பு, பாட்டில். பெட்டிகளுக்கு நடுவே ஒரு ரவுட்டர்! அடாப்டர், ஒயர் எல்லாம் அதோடு. யாரோ மாற்றிவிட்டுப் போட்டது. மூன்று மாத ஹிந்திப் பேப்பர் அவ்வளவும் தருகிறேன், இதைக் கொடு பையா என்றேன். அவன் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். "சலேகா பீ கி நஹீ?" ஓடாவிட்டால் என் தலையெழுத்து, கொடு.

பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். திருச்செங்கோட்டில் இரண்டு வருஷம் ஒரு கம்பெனியின் நெட்வொர்க் முழுக்க நான்தான் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு இட்லிக்கு மாவு அரைக்கத்தான் பயன்பட்டது. இன்று கையில் ரவுட்டரைப் பிடித்தபோது பழைய சுமதி எட்டிப் பார்த்தாள்.

ஜூன் 4, வியாழன்

அவன் கிளம்பியதும் உட்கார்ந்தேன்.

கம்பெனிப் பெட்டியைத் தொட முடியாது. கழற்றினால் லேண்ட்லைன் போகும், உடனே தெரிந்துவிடும். அதன் ஆப்பையும் ஏமாற்ற வேண்டும். புதிதாக ஏதாவது வந்தால் அவன் போனில் டிங் என்று அடிக்கும். ஆனால் ஒன்றை மட்டும் அவன் நிறுத்தவே மாட்டான். டிவியை. கிரிக்கெட் பார்க்க வேண்டுமே!

செய்தது:

ரவுட்டரை ரீசெட். ஓட்டைக்குள் குத்த ஊசி தேடினேன். தாலிக்கொடியில் ஊக்கு. கழற்றிக் குத்தினேன். விளக்கெல்லாம் அணைந்து அணைந்து எரிந்தது. உயிர் இருக்கிறது!

பெட்டியும் ரவுட்டரும் ஒரே கதவு எண் (ஐ.பி. முகவரி) வைத்திருந்தன. என்னுடையதை மாற்றினேன்.

பெட்டியிலிருந்து டிவிக்குப் போகிற ஒயரைப் பிடுங்கி ரவுட்டரில் நெட் உள்ளே வருகிற நீல ஓட்டையில். மஞ்சளில் குத்தக் கூடாது. குத்தினால் இரண்டும் நான்தான் பெரியவள் என்று ஒரே வீட்டில் இரண்டு மாமியார் மாதிரி அதிகாரம் பண்ணும், வீடு மொத்தமும் நெட் படுத்துவிடும். மஞ்சளிலிருந்து இன்னொரு ஒயர் டிவிக்கு.

கடைசியாக, டிவியின் அடையாள எண்ணை அப்படியே ரவுட்டருக்குக் கொடுத்தேன். பெயரையும் கொடுத்தேன். இனி பெட்டியின் கண்ணுக்கு என் ரவுட்டர்தான் டிவி. அதற்குப் பின்னால் யார் நின்றாலும் பெட்டிக்குத் தெரியாது, ஆப்புக்கும் தெரியாது, ரகுவுக்கும் தெரியாது.

ரவுட்டர் டிவிக்குப் பின்னால், ஸ்டாண்டின் அடியில். அங்கே தூசி துடைக்கிறவள் நான் ஒருத்திதான்.

இதில் சேர்க்கப் போவது என் பழைய போன். போன வருஷம் சுவரில் அடித்து உடைத்தானே, அது. குப்பையில் போட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். கண்ணாடி சிலந்தி வலை மாதிரி, ஆனால் உள்ளே எல்லாம் வேலை செய்கிறது. சிம் இல்லை, வேண்டாம். ஒளித்து வைக்கிற இடம் நாப்கின் பாக்கெட். அந்த அலமாரிப் பக்கம் அவன் பார்வையே போகாது. தீட்டாம்.

நடுவில் இரண்டு தடவை லேண்ட்லைன். இரண்டு தடவையும் உடனே எடுத்தேன். "என்ன பண்ற?" டிவி துடைக்கிறேனுங்க. பொய் இல்லை.

ஜூன் 5, வெள்ளி

பதில் போட்டாயிற்று! "11-ஆம் தேதி கலந்துகொள்கிறேன்." போட்டுவிட்டு அடுப்படியில் தனியாக ஒரு ஆட்டம் ஆடினேன்.

நான் ஆடும்போது என் போனில் நெட்டை நிறுத்தினான். கத்தரிக்காய்க் கூட்டில் காரம் இல்லையாம். நிறுத்துடா ராஜா, நல்லா நிறுத்து.

சர்டிபிகேட் எங்கே? கட்டிலுக்கு அடியில் சூட்கேஸில். எடுத்துத் தூசி தட்டினேன்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்: கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம். கடைக்காரர் நாகர்கோவில். "என்ன இன்னிக்கு ஒரே சிரிப்பு?" என்று கேட்டார். தெரிகிறதா முகத்தில்? ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஜூன் 7, ஞாயிறு

அவன் நாள் முழுக்க வீட்டில். மேட்ச். டிவிக்குப் பின்னால் என் ரவுட்டர், டிவிக்கு முன்னால் அவன்.  படம் ஒரு தடவை நின்று சுற்றியது. "க்யா யார்!" என்று சலித்துக்கொண்டு எழுந்து டிவிப் பக்கம் போனான். நான் கையிலிருந்த பக்கோடாத் தட்டைக் கீழே போட்டேன். வேண்டுமென்றேதான். திரும்பி வந்து என் முழங்காலில் உதைத்தான். அதற்குள் படம் வந்துவிட்டது.

ஒரு உதைக்கு ஒரு ரவுட்டர் தப்பித்தது. நொண்டிக்கொண்டே பக்கோடா பொறுக்கினேன். அவன் பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே பொறுக்கினேன். அம்மிக்குழவி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதை நினைத்தேன் என்று எழுதி வைக்கிறேன், யாரும் படிக்கப் போவதில்லை.

இன்னும் நாலு நாள்.

ஜூன் 10, புதன்

நேற்று எழுத முடியவில்லை. இடது கையில் இரண்டு விரல் வீங்கி உருண்டையாக. எழுதுவது வலது கை, அதுவரைக்கும் நல்லது.

நேற்று சாயங்காலம் ஆந்தி, புழுதிப் புயல். வானம் பழுப்பு, ஜன்னலெல்லாம் படபட, வாயெல்லாம் மண். லைட் போச்சு. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஹாலில் அவன் போன் டிங் என்றது.

"சுமதி ஓல்ட் கனெக்டட்."

அவனே வைத்த பேர். உடைத்த போனைக்கூட லிஸ்டிலிருந்து எடுக்காமல் வைத்திருந்திருக்கிறான்.

அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. இன்வெர்ட்டர்! எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் லைனில் ஃபேன், ஒரு டியூப்லைட், கம்பெனிப் பெட்டி. டிவி போர்டு அதில் இல்லை. லைட் போனதும் டிவியோடு என் ரவுட்டரும் செத்தது, பெட்டி மட்டும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பழைய போன் பார்த்தது. புது வைஃபை காணோம், பழைய வீட்டு வைஃபை ஞாபகம் இருக்கிறது, அதில் போய் ஒட்டிக்கொண்டது. அதை மறக்கச் சொல்லி ஒரு பட்டன் அழுத்தியிருக்க வேண்டும். நீல ஓட்டை, மஞ்சள் ஓட்டை எல்லாம் பார்த்த மகராசி இதைப் பார்க்கவில்லை.

டார்ச் அடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தான்.

"செத்த போன் எப்டிடி நெட்டுக்கு வந்துச்சு?"

"எனக்கு என்னங்க தெரியும்?"

"யாரு அவன்? யாருகிட்ட பேசற? போல், சொல்லு!"

முடியைப் பிடித்தான். ஃபிரிட்ஜ் கதவில் என் நெற்றி. ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ணவில்லை. அரிசி டப்பா கவிழ்ந்தது, பருப்பு கவிழ்ந்தது, மெத்தையைப் புரட்டினான், பூஜை அலமாரியில் சாமி படங்கள் தரையில். "சுட்டுப் போட்டுடுவேன்டி, ஜல்தி சொல்லு, கஹாம் ஹை, எங்க அது?" நாப்கின் பாக்கெட்டைத் தாண்டிப் போனான். தொடவில்லை.

அப்போது லைட் வந்தது. வராமலே இருந்திருக்கக் கூடாதா? டிவிக்குப் பின்னால் பச்சை விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது.

கண்டுபிடித்துவிட்டான். ஒயரோடு பிடுங்கித் தரையில் போட்டு சப்பாத்திக் கட்டையால் அடித்தான். அடித்தான், அடித்தான். பிளாஸ்டிக் தெறித்தது. உள்ளே பச்சைப் பலகை இரண்டாக. அதை உடைத்து முடித்ததும் அதே கட்டையோடு என் பக்கம் திரும்பினான். அடுப்படிக்குள் பின்வாங்கிக் கையைக் குறுக்கே வைத்தேன், விரலில் பட்டது. இரண்டாவது ஓங்கியபோது அடுப்பில் தோசைக்கரண்டி கல் மேலேயே கிடந்தது. எடுத்து அவன் முழங்கையில் வைத்து அழுத்தினேன்.

ஸ்ஸ் என்று சத்தம் வந்தது. "மம்மி ரே!" என்று கத்தினான்.

பதினொரு வருஷத்தில் முதல் தடவை. எனக்கு வருத்தமில்லை. திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன், வருத்தம் வரவே இல்லை.

அதன் பிறகு காலால் உதைத்தான், கையை உபயோகிக்க முடியவில்லை. உதடு கிழிந்தது. மேலே பிம்லா ஆன்ட்டி வீட்டில் இந்தத் தடவை டிவி சத்தம் கூடவில்லை. 

நாளைக்கு இன்டர்வியூ. ரவுட்டர் இல்லை. போன் இருக்கிறது, நெட் இல்லை. என்ன பண்ணுவேன்?

ஜூன் 11, வியாழன்

நடந்தது நடந்தபடி, அவசரமாக.

காலையில் அவன் ஆபீஸ் கிளம்பினான். கையில் துணி சுற்றியிருந்தான். டிபன் பாக்ஸை வாங்கிப் பையில் வைத்தான். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, கம்பெனிப் பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினான். ஒயர் ஒயராகப் பிடுங்கி, பெட்டியை டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்து ஜிப்பை இழுத்தான். என் போனையும் எடுத்துக்கொண்டான்.

"இப்ப பண்ணுடி, உன் இன்டர்நெட்ட."

போய்விட்டான். நான் இன்னும் அள்ளாமல் கிடந்த அரிசியின் மேலேயே உட்கார்ந்தேன். முடிந்தது என்று நினைத்தேன். வாய்விட்டு அழுதேன், சேலைத் தலைப்பெல்லாம் உதட்டு ரத்தம். சுவரில் பெட்டி இருந்த இடத்தில் ஆணி, தொங்குகிற ஒயர், கீழே லேண்ட்லைன். எப்போது அடிக்குமோ என்று பழக்கத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடிக்கவில்லை.

எடுத்துக் காதில் வைத்தேன். கிர் சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை.

அட கூமுட்டை! லேண்ட்லைனும் அந்தப் பெட்டியில்தானே இருக்கிறது. என் நெட்டை எடுத்துப் போகிறேன் என்று என்னைக் கட்டிவைத்த கயிற்றையும் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறான். என் போனும் அவன் பையில். அவன் எங்கே அடித்து என்னைக் கேட்பான்? நான் எங்கே இருக்கிறேன் என்று இன்று உலகத்தில் யாருக்கும் தெரியாது.

சிரித்தேன். உதடு மறுபடி கிழிந்தது.

முகம் கழுவி, நல்ல காட்டன் சேலை கட்டி, சர்டிபிகேட்டும் பழைய போனும் எடுத்து மேலே போனேன். பிம்லா ஆன்ட்டி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். "ஹாய் ராம்!" நான் எதுவும் கேட்கவில்லை. அவளே, "லிக் லே பேட்டா, பாஸ்வேர்ட் எழுதிக்கோ," என்று சொல்லிக்கொண்டே போனாள், நான் அடித்தேன். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். பிறகு எழுந்து போய்த் தன் வீட்டுக் கதவில் உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு அதன் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

பதினொன்று. பிரின்சிபால் அம்மா, கூட ஒரு சார்.

"வீடியோ போடுங்கம்மா, முகந் தெரியல."

"போட்டுத்தான் ஆகணுமுங்களா மேடம்?"

"ஆமாங்கம்மா."

போட்டேன். பிரின்சிபால் அம்மா திரைக்கு நெருங்கி வந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

விழுந்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "வீட்டுக்காரர் அடிச்சுட்டாருங்க மேடம். நீங்க கேள்வி கேளுங்க, நான் சொல்றேன்."

அந்த சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு கனெக்‌ஷனாம். இரண்டு லேப். கம்பெனி கொடுத்த பெட்டியைக் கழற்றக் கூடாது, ஆபீஸ் போன் அதில் ஓடுகிறது. சொந்த ரவுட்டர் போட வேண்டும். "எப்படிங்க செய்வீங்க?"

சிரிப்பை அடக்கியது எனக்குத்தான் தெரியும். நீல ஓட்டையிலிருந்து ஆரம்பித்துக் கடகடவென்று சொன்னேன். கடைசியில், "ரெண்டையும் ஒரே இன்வெர்ட்டர் லைன்ல போடணுமுங்க சார். அத மட்டும் மறந்தா எல்லாங் கெட்டுச்சு."

"இது எங்கம்மா கத்துக்கிட்டீங்க?"

"வீட்லதானுங்க."

பிரின்சிபால் கேட்டார், "எப்ப வந்து சேர முடியும்?"

"கெளம்பிட்டேனுங்க."

ஒரு மாதம் வேலையைப் பார்க்கிறார்களாம், பிறகு நிரந்தரம். அறை இன்றைக்கே காலியாம். ஆன்ட்டிக்குத் தமிழ் புரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்து அழுதாள். "அன்னிக்கே கொடுத்திருக்கணும் பேட்டா," என்று ஹிந்தியில் திரும்பத் திரும்ப. மருமகனுக்குப் போன் போட்டு ரயில் டிக்கெட் எடுக்கச் சொன்னாள்.

கீழே வந்து எடுத்தது: இரண்டு சேலை, சர்டிபிகேட், இந்த நோட்டு. உடைந்த ரவுட்டரைப் பெருக்கி அள்ளி அவன் தலையணை மேல் கொட்டினேன். கதவைச் சாத்தினேன்.

ஜூன் 12, வெள்ளி

நாக்பூர். வண்டி நிற்கிறது. வெயில் இங்கேயும் குறைவில்லை. பெட்டி முழுக்கப் பூரி வாசனை. விரல் வலி. எதிர் சீட்டுப் பெரியம்மா நாமக்கல்லாம், "மொகத்துல என்னாங்கண்ணு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள்.

தூங்கவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அவன் ஏறுகிற மாதிரி இருக்கிறது. அவன் போடுகிற மாதிரி நீல சட்டை பார்த்தாலே சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொள்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று யாரிடம் பொய் சொல்ல?

பெரியம்மா போனுக்கு வந்த ஓ.டி.பி.யைப் போட்டதும் ஸ்டேஷன் வைஃபை கிடைத்தது. பிம்லா ஆன்ட்டி வாய்ஸ் மெசேஜ், ரகசியக் குரலில்.

நேற்று வந்து எங்கே எங்கே என்று மாடி மாடியாகக் கேட்டானாம். ஆன்ட்டி, "முஜே நஹீ பதா," எனக்குத் தெரியாது என்றுவிட்டாளாம். பிறகு உள்ளே ஸ்டூல் இழுக்கிற சத்தம், பெட்டியைத் திரும்ப மாட்டியிருக்கிறான். இன்று காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி இஸ்திரி சட்டையோடு ஆபீஸ் போனானாம். கதவில் பெரிய பூட்டு.

"அவுர் சுன் பேட்டா," இன்னும் கேள் என்கிறாள். அவன் ஆபீஸ் போன நேரத்திலிருந்து கீழே பூட்டிய வீட்டுக்குள் லேண்ட்லைன் அடிக்கிறதாம். நிற்கிறதாம், திரும்ப அடிக்கிறதாம்.